லோகாம்பாள் வைத்த கைநாட்டு

1986-ல் அரசாங்கத்துக்கு வெயில் மேல் ஆசை வந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்களிடம் தாராளமாக இருந்தது அது ஒன்றுதான். கரண்டே எட்டிப் பார்க்காத ஊரில் வெயிலைப் பிடித்துத் தெருவிளக்கு எரிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஓவர்சியர் ஒருவர் வந்தார். கண்ணாடிப் பலகைகள் வைக்க இடம் வேண்டும். இடத்துக்கும் சட்டம் இருந்தது. புறம்போக்காக இருக்க வேண்டும், நிழல் விழக் கூடாது, கடல் தண்ணீர் ஏறக் கூடாது.

குடிசைகளைத் தள்ளி நிழலே விழாமல் கிடந்தது லோகாம்பாள் கருவாடு காயப்போடும் மணல். புருஷன் போனபின் பதினோரு வருஷமாக அந்த மணல்தான் அவளுக்குச் சோறு போட்டது. பட்டா கிடையாது. மற்ற பெண்களின் மணலுக்கும் கிடையாது, ஆனால் ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி மீன் போட மாட்டோம்.

ஓவர்சியர் அங்கே அளவு நாடாவை விரித்ததும் அவள் ஓடிவந்து பக்கத்தில் நின்றாள்.

"இங்க கடல் ஏறுமாம்மா?" என்று கேட்டார்.

"ஏறும் சார். அமாவாசைக்கு முழங்கால் தண்ணி நிக்கும்."

முழுப் பொய். பெரும்புயலில்கூட அந்த மணல் நனைந்ததில்லை. ஓவர்சியர் எங்களைப் பார்த்தார். வெளியாளிடம் ஒருவர் சொன்னதைக் குப்பத்தில் மற்றவர் மாற்றிப் பேசுவதில்லை. "ஆமா சார், முழங்காலுக்கு மேலயே வரும்" என்றார் ஊர்த் தலைவர் துளசிங்கம். நானும் தலையாட்டினேன். ஓவர்சியர் அதை எழுதி நீட்டிய தாளில் லோகாம்பாள் கைநாட்டு வைத்தாள். அவர் போனதும் அவளைக் கேலி பண்ணிச் சிரித்தோம்.

பத்து நாளில் தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்தான். "கடல் ஏறுற இடத்துல நாப்பது குடிசை இருக்குதாமே. எல்லாத்தையும் ஏரிக்கு அந்தாண்ட மாத்தணும்னு எழுதிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் வர்றாரு."

அதோடு சிரிப்பு நின்றது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில்தான் எங்கள் குப்பம். ஏரிக்கு அந்தப் பக்கம் போனால் கடலுக்கு எப்படிப் போவது? லோகாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டாலே குடிசைக்குள் போய்விடுவாள்.

"காந்தா, பொய்க் கைநாட்டுக்கு ஜெயில்ல போடுவாங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

"தெரியலக்கா" என்றேன். தலையாட்டிய எனக்கும் அதே பயம்தான்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் அதே கேள்வியைக் கேட்டார். எல்லாம் தான் பேசிக்கொள்வதாகச் சொல்லியிருந்த துளசிங்கம், "ஏறும் சார். ஆனா கொஞ்சம்தான்" என்று குழறினார். ஆபீசர் பேனாவைத் திறந்தார். லோகாம்பாள் முன்னால் வந்தாள்.

"ஏறாது சார். நான்தான் பொய் சொன்னேன். என் மணலு போயிடுமேன்னு சொல்லிட்டேன். இவங்க எனக்கோசரம் சொன்னாங்க."

ஆபீசர் பேனாவை மூடாமல் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்போ பலகை இங்கதான் வரும். தெரியுதா?"

"வைங்க சார். வீட்டை மட்டும் விட்டுடுங்க."

பழைய தாளில் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் மறுபடியும் அவள் கைநாட்டை வாங்கினார். முளைக்குச்சி அடிக்க ஆட்கள் காத்திருந்தார்கள். காலையில் போட்ட நெத்திலி பாதிகூடக் காயவில்லை. அவள் குனிந்து அள்ள ஆரம்பித்தாள். நாங்கள் நாலு பேர் போய் உதவினோம். கூடை நிறைந்ததும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதைக் காயப்போட எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.