பிளாப்பிக்கு இட்ட பொட்டு

தங்கம் அக்காவின் கடையில் மெஷின் ஓட்டும் நஸீமா பள்ளி நேரத்தில் எனக்கு ஃபோன் செய்வதில்லை. அன்று செய்தாள். "டீச்சர், மெஷின் நிறுத்தி வெச்சிருக்கு" என்றாள். கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் பின்னால் யாரோ அழுவது கேட்டது. தங்கம் அக்கா காலையில் உறக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் அரிசி மண்டிகளுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய எம்ப்ராய்டரி கடையை உங்களில் பலர் அறிவீர்கள். கடையை அறியாதவர்கள்கூட அவருடைய தையலைச் சட்டைப் பையில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கலாம். நான் கணித ஆசிரியை. எங்கள் பள்ளிக்கு பேட்ஜ் வாங்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். நான் மதுரையிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறினார். நான் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உன் தமிழ் ரொம்ப சுத்தம் மோளே. உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்கு" என்றார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் சாயா அவர் கடையில்தான்.

அவருடைய எம்ப்ராய்டரி மெஷின் பழையது. டிசைனை பிளாப்பியில் கொடுத்தால்தான் தைக்கும். ஒரு வருடம், பள்ளி திறக்கும் சமயத்தில், பிளாப்பியில் டிசைன் ஏற்றிக் கொடுக்கும் கணினி படுத்துவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக், "சேச்சி, ரெண்டையும் பழைய இரும்பு எடுக்கிற ஆக்ரிக்காரனுக்குக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். புது மெஷின் வாங்கும் நிலையில் அக்கா இல்லை. "நஸீமா, நீ வேற பணி நோக்கிக்கோ" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல், நூல்கண்டைப் பார்த்துச் சொன்னார். நஸீமா மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பள்ளிக் கணினிகளில் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல இயங்குதளம்தான் ஓடுகிறது. பழைய கணினியிலும் அது ஓடும் என்பதால், அடுத்த சனிக்கிழமை அதை அக்காவின் கணினியில் நிறுவினேன். எல்லாம் வந்தது, பிளாப்பி டிரைவைத் தவிர. பெட்டியைத் திறந்து கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். பயனில்லை. கடைசியில், இணையத்தில் யாரோ எழுதி வைத்திருந்த குறிப்பில் விடை கிடைத்தது. பிளாப்பியைக் கையாளும் பகுதி இயங்குதளத்தில் இருக்கிறது. இப்போது யாருக்கும் அது தேவைப்படாததால் தானாக எழுந்து வருவதில்லை. பெயர் சொல்லி அழைக்கும் ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. டிரைவ் கரகரவென்று தொண்டையைச் செருமியது.

"பேரு சொல்லி விளிச்சாதான் எணீப்பான், எங்க வீட்டு ஆளு மாதிரி" என்றார் அக்கா. உள்ளிருந்து அவர் கணவர், "எனக்குக் கேட்டது" என்றார்.

சந்தோஷம் சாயா ஆறும்வரைகூட நிற்கவில்லை. பழைய பிளாப்பிகள் தேய்ந்து கெட்டுப்போயிருந்ததால், எர்ணாகுளத்தில் தேடி வாங்கி வந்த புது பிளாப்பிகளில் டிசைனை ஏற்றிக் கொடுத்தோம். மெஷின் ஒன்றையும் படிக்க மறுத்தது. முடியாது அக்கா என்று நான் சொல்லிவிட்டேன்.

அவர் துணிக்கு நிறம் பொருத்திப் பார்ப்பதுபோல, பழைய பிளாப்பி ஒன்றையும் புதியதையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். "முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டையும் சேர்த்து வெச்சு நோக்கணும், கேட்டோ. இதுக்கு ஒரு ஓட்டை. அதுக்கு எதுக்கு ரெண்டு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது ஓட்டை, இது இரட்டிப்புக் கொள்ளளவு கொண்டது என்று டிரைவுக்குச் சொல்லும் அடையாளம். அக்காவின் மெஷினுக்கோ பாதிக் கொள்ளளவுதான் தெரியும். ஓட்டையை மூடிவிட்டால் ஏமாற்றிவிடலாம். டேப் தேடினோம், தீர்ந்திருந்தது. அக்கா நெற்றியிலிருந்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஓட்டையின் ஒரு பக்கம் ஒட்டினார். கண்ணாடியில் இருந்த இன்னொன்றை மறுபக்கம் ஒட்டினார். நான் பாதிக் கொள்ளளவில் பிளாப்பியைத் தயார்செய்து டிசைனை ஏற்றினேன். மெஷின் ஒரு நிமிடம் முனகியது. பிறகு ஊசி இறங்கியது. நஸீமா ஸ்டூலில் உட்கார்ந்து, "இனி எனக்கு வேற பணி நோக்கண்டாமே?" என்றாள். "முதல்ல இந்த பேட்ஜை முடி" என்றார் அக்கா.

அவர் போன பிறகு மெஷின் என்னவாகும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காவின் கணவரே சொன்னார்: "சாவி நஸீமாகிட்ட இருக்கட்டும். அவ ஓட்டட்டும்." கடையை மறுபடி திறந்த அன்று பிளாப்பியை மெஷின் படிக்கவில்லை. மழைக்கால ஈரத்தில் பசை விட்டு ஒரு பொட்டு விழுந்திருந்தது. டேப் போதும் என்றேன். நஸீமா கேட்காமல் ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனாள். முக்காடாகப் போட்ட தட்டத்தைத் தலையில் இழுத்துவிட்டபடி அவள் பொட்டு கேட்டதும் கடைக்காரர், "நினக்கு எதுக்கு இது?" என்றாராம்.

"எனக்கில்ல இக்கா, மெஷினுக்கு. மெரூன் கொடுங்க, அவளுக்கு வேற நிறம் பிடிக்காது."

பொட்டு வைத்ததும் மெஷின் ஓடியது. இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை, இந்தக் கணக்கு வராது டீச்சர் என்றால், வந்த கணக்கையும் வராத கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். அது அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டது. விழுந்த அந்தப் பொட்டும் என்னிடம்தான் இருக்கிறது, என் கணினித் திரையின் ஓரத்தில். பசை போய்விட்டதால் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.