அண்ணனின் கையெழுத்து

சொந்த ஊரில் என்னை முதன்முதலாக "வெளிநாட்டவர்" என்று எழுதிக்கொண்டவர் ஒரு வாசல் காவலாளி. சாரம் பகுதிக்கு அப்பால் இருந்த வால்வு தொழிற்சாலையில், "எனக்கு முத்தியால்பேட்டதாங்க" என்று நான் சொன்ன பிறகும், பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு அப்படித்தான் எழுதினார். பிரான்சில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் நீராவிக் குழாய்களுக்காக அங்கே வால்வுகள் வாங்கவிருந்தது. கப்பலேற்றும் முன் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். தமிழ் தெரிந்தவள், வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தார்கள்.

அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் பொறுப்பாளர் ரவி, என் பெரியப்பா மகன். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது என் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார், பெரியப்பா வேண்டாமென்றார். அந்தக் கசப்பு எங்கள் தலைமுறைக்கும் வந்து சேர்ந்திருந்தது. ரவி அண்ணன் உட்காரச் சொல்லவில்லை. சான்றிதழ்க் கோப்பைத் தூக்கி மேசையில் எறிந்தார்.

எந்த உருக்கில், அதாவது எந்தத் தடவை உருக்கிய உலோகத்தில், வார்த்தது என்று காட்டும் எண் வால்வின் உடம்பிலேயே புடைத்து நிற்கும். சான்றிதழிலும் அதே எண் இருந்தால்தான், உலோகத்தைப் பற்றி அந்தத் தாள் சொல்வதை நம்பலாம். ஆறு வால்வுகளில் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருந்தார்கள். சான்றிதழின் அடியில் அண்ணனின் கையெழுத்து.

"இது எந்த உருக்குண்ணா?"

"தாள்ல இருக்குதுல்ல. படிக்கத் தெரியாதா?"

"நம்பர தேய்ச்சிருக்கீங்களே."

"மொதலாளி அனுப்பச் சொன்னாரு, அனுப்பறோம். நாங்க பொழைச்சா உங்களுக்குப் பொறுக்காதே."

"வெடிச்சா பக்கத்துல நிக்கறவன் வெந்துடுவான்."

"நிக்கறவன் வெள்ளக்காரன். அதான் உனக்கு வலிக்குது."

எங்கள் கொதிகலன் அறையில் நிற்பவர் ஓர் அல்ஜீரியர். அதை நான் சொல்லவில்லை. அதைச் சொல்லி அண்ணனிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு மனமில்லை. அத்தனை வால்வுகளையும் நிராகரித்து எழுதினேன். முதலாளி சொல்லித்தான் செய்ததாக அண்ணன் கூறியதையும் சேர்த்தேன்.

நான் பிரான்சுக்குத் திரும்பியதும் என் மேலதிகாரி அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டார். வியாபாரம் தொடர வேண்டுமாம். பிறகு, "உங்கள் ஆட்கள் எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டார். அடுத்த வாரமே, மோசடி செய்தது அண்ணன்தான் என்று சொல்லி முதலாளி அவரை வேலையிலிருந்து விரட்டிவிட்டதாகத் தகவல் வந்தது.

அலுவலகத் தொலைபேசியிலிருந்தே முத்தியால்பேட்டைக்கு அழைத்தேன். அண்ணி எடுத்தார். என் பெயரைச் சொன்னேன்.

"அப்படி ஒருத்தரும் எங்களுக்குக் கெடையாது."

வைத்துவிட்டார். "வீட்டுக்கா பேசினாய்?" என்று பக்கத்து மேசைப் பெண் பிரெஞ்சில் கேட்டாள். "ஃபோ நுமேரோ" என்றேன், தவறான எண் என்று. அவள் தன் வேலைக்குத் திரும்பினாள். நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.