முன் சீட்டில் யார்?

என் அண்ணனின் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தது நீங்கள்தான். அந்த ஜீப்பைச் செய்து விற்ற கம்பெனிக்காரர்களைத்தான் சொல்கிறேன். பழம் இன்னும் கண்ணாடிக்குக் கீழே கிடக்கிறது. காய்ந்து கறுத்துக் கல் மாதிரி ஆகிவிட்டது. எடுத்து எறிய எனக்கே கை வரவில்லை.

அண்ணன் போடியில் ஜீப் மெக்கானிக். சிலமலைப் பெண்களை ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு, ஏற்றிப் போவது அண்ணனின் ஜீப். மலைப்பாதையில் ஒரு வளைவு உண்டு. அதன் மேல்திட்டில் கருப்பசாமியின் கல் இருக்கிறது. டிரைவர்கள் அங்கே ஒரு பழம் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். அண்ணன் மட்டும் வைக்க மாட்டார். "கருப்பு வந்து கிளட்ச் மாத்திக் குடுப்பாரா?" என்பார். ஒரு வண்டி நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கும் வரை அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட ஆள், பழைய ஜீப்பை விற்று உங்கள் புது ஜீப்பை வாங்கினார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, மூடுபனிக்குள் அந்த வளைவில் ஜீப் தானாக அணைந்தது. கதவுகள் டக்கென்று பூட்டிக்கொண்டன. முன் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று மணி அடிக்க ஆரம்பித்தது. நான் பெண்களோடு பின்னால் இருந்தேன். ஓட்டிய அண்ணனுக்குப் பக்கத்து முன் சீட்டில் யாருமே இல்லை. உள்ளிருந்து கைப்பிடியை இழுத்து எல்லோரும் இறங்கினோம். மணி நிற்கவில்லை. கோளாறு படிக்கும் கருவியை அண்ணன் மாட்டினார். 'அனுமதி இல்லை' என்று மட்டும் காட்டியது. கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். நாங்கள் நிற்கிற வளைவை, நாங்கள் சொல்வதற்கு முன்பே ஒரு பெண் குரல் சொன்னது. "உங்க பக்கத்துல இருக்குறவங்களை பெல்ட் போடச் சொல்லுங்க சார்."

"பக்கத்துல ஆளே இல்லம்மா. என்ன கோளாறுன்னு சொல்லு, நானே பாத்துக்கிறேன்."

"அதை வெளி மெக்கானிக்குக்குச் சொல்லக் கூடாது சார். மேலே இருக்குறவங்க பூட்டியிருக்காங்க. மேலே கேட்டாத்தான் திறக்கும்."

பெண்கள் அத்தனை பேரும் மேல்திட்டை அண்ணாந்து பார்த்தார்கள். பனிக்குள் அந்தக் கல் பாதிதான் தெரிந்தது. நானும் பார்த்தேன். அண்ணன் மட்டும், "ஏத்தா, அவ அவுக ஆபீஸச் சொல்றா. பூட்டுனது ஆளுக, சாமியில்ல" என்றார். யாரும் கேட்கவில்லை.

பிறகு ஜீப் நின்றபோதெல்லாம் அதே வளைவில்தான் நின்றது. ஒவ்வொரு முறையும் லாரி வைத்து மதுரைக்கு இழுத்துப் போக வேண்டும். அங்கே, வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். "மெக்கானிக்கண்ணே, பக்கத்துல இருக்கவருக்கு ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுங்க" என்று கேலி பேசியவர்கள், அடுத்து ஏறவே பயந்தார்கள். அண்ணனின் மெக்கானிக் கடைக்கு வந்துகொண்டிருந்த வண்டிகளும் குறைந்தன.

கடைசியாக நின்றபோது ஒரு பெண் பழத்தை நீட்டினாள். "வெரசா வைங்கண்ணே, கூலி போயிரும்." அண்ணன் வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு கண்ணாடிக்குக் கீழே வைத்து, மேல்திட்டைப் பார்த்துக் கும்பிட்டார். மணி நின்றது. சாவியைத் திருகினார், ஜீப் கிளம்பியது. பெண்கள் குலவையிட்டார்கள். அண்ணன் முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதில் சந்தோஷம் இல்லை.

அந்த நேரத்தில் நீங்கள் அங்கிருந்தபடி பூட்டைத் திறந்தீர்களா, கோளாறு தானாகத் தெளிந்ததா, எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அண்ணன் எந்த வண்டியின் பானெட்டையும் திறக்கவில்லை. யார் வந்து கேட்டாலும், "மேல கேட்டுட்டு வாப்பா" என்பார். கம்பெனியைச் சொல்கிறாரா, கருப்பைச் சொல்கிறாரா என்று எனக்கும் புரிவதில்லை. கடையைப் பூட்டிவிட்டார். ஜீப் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. அதன் செய்திகளை உங்கள் ஆப் என் போனுக்கு அனுப்புகிறது.

இன்று காலையும் வந்தது. முன் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம். சாவி என் இடுப்பில் இருந்தது. போய்ப் பார்த்தேன். காலி சீட்டும், காய்ந்த பழமும். அண்ணன் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "ஆரு ஒக்காந்திருக்கா?"

"ஆருமில்லண்ணே."

"அவுகளுக்குத் தெரியும்."

ஆமாம், உங்களுக்குத் தெரியும். எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். போடி பஸ் ஸ்டாண்டில், ஊர் கேட்க மைக்கில் சொல்லுங்கள். அந்த ஜீப் உங்களிடம் சொன்னதை அதைப் பழுது பார்க்கிறவனிடம் ஏன் மறைத்தீர்கள்? அந்தச் சீட்டில் யார் இருக்கிறார்?