பத்ரி மூடாத எடிட்டர்

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேர் பிரிவில் வேலை பார்த்த பத்ரிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை இருந்தது. அவர் எடிட்டரை மூடுவதில்லை.

மற்றவர்கள் புரோகிராம் எழுத காலையில் எடிட்டரைத் திறப்பார்கள், சாயங்காலம் மூடுவார்கள். பத்ரி சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்னால் ஒரு தடவை திறந்ததோடு சரி. அது ஆபீஸின் பொது சர்வரில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும்; அவர் லேப்டாப் திரையில் எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும். ஒரு ஃபைல் வேண்டுமென்றால் கறுப்புத் திரையில் ‘தெற’ என்று அடித்து, பக்கத்தில் ஃபைலின் பெயரை அடிப்பார். புதிதாக எதுவும் கிளம்பாது. ஏற்கெனவே ஓடுகிற எடிட்டருக்குள்ளேயே ஃபைல் வந்து உட்காரும். எடிட்டரில் அந்த ஃபைலை மூடுகிறவரை கறுப்புத் திரை ‘காத்திருக்கிறேன்’ என்று ஒரு வரி காட்டி நிற்கும். மூடியதும் அந்த வரி விடுபட்டு, அடுத்த கட்டளைக்கு இடம் விடும்.

நல்ல ஏற்பாடுதான், இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பத்ரிக்கு அது ஏற்பாடு இல்லை, பட்டம். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு ஃபைலுக்காக ஐகானைத் தேடி மவுஸை நகர்த்தினால், பத்ரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவார். தாம்பரத்தில் ரயில் ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் எதிர் சீட்டில் லேப்டாப் திறந்தவன் எத்தனை ஜன்னல் வைத்திருக்கிறான் என்று எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டுவார். முடிச்சூர் வீட்டில் மனைவி சுப்ரஜா, ஸ்கூல் டீச்சர், வினாத்தாள் தயாரிக்கும்போது அவளுக்கும் அதே பாடம்தான்.

“உங்க கணக்குல உலகத்துல ஒருத்தருக்குத்தான் மூளை. மத்தவங்க தலையில இருக்கறது என்ன, ரவா உப்புமாவா?” என்று அவள் ஒரு நாள் கேட்டாள். உப்புமா என்பது அவளுடைய தாழ்மையான அபிப்பிராயம் என்று பத்ரி எடுத்துக்கொண்டார்.

பெருமை தன்னோடு நின்றிருந்தால் யாருக்கும் பாதகமில்லை. தன் வழியே எல்லோருக்கும் வழி என்று அவர் முடிவு கட்டினார். சர்வரில் இருந்த சின்னச் சின்ன எடிட்டர்களை எல்லாம் “குழந்தைங்க விளையாடற சாமான்” என்று அழித்துவிட்டார். இனி யார் சர்வரில் ஃபைல் திறந்தாலும் ‘தெற’ போட்டுத்தான் திறக்க வேண்டும். பழைய ஆட்கள் சாமர்த்தியசாலிகள், சர்வர் பக்கமே போகாமல் தங்கள் லேப்டாப்பிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டது புதிதாக வந்தவர்கள்.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம். புதிதாகச் சேர்ந்தவருக்குத் தனி லாகின் கிடைக்க ஹெட் ஆபீஸிலிருந்து ஒப்புதல் வரவேண்டும். அது வருகிறபோது வரும். அதுவரை எல்லோருக்கும் ஒரே பொது லாகின். பத்ரியின் புகழ்பெற்ற எடிட்டர் ஓடியதும் அதே பொது லாகினில்தான், ஏனென்றால் அந்த லாகினை உண்டாக்கியவரே அவர். ஆக, பொது லாகினில் யார் ‘தெற’ போட்டாலும் ஃபைல் ‘ஏற்கெனவே ஓடுகிற எடிட்டரில்’ திறக்கும். அதாவது பத்ரியின் திரையில். அபார்ட்மெண்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், வாட்ச்மேன் பார்சலை எல்லாம் விளக்கு எரிகிற வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டுப் போவதைப் போல.

ஃபிரெடி என்ற பையன் சேர்ந்து, இரண்டு மாதம் முழித்துவிட்டு, “நமக்கு செட் ஆகல” என்று போய்விட்டான். “இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை கிடையாது” என்றார் பத்ரி.

அடுத்து வந்தவள் கிருபா. பல்லாவரத்துப் பெண். அப்பா வேலை பார்த்த தோல் கம்பெனி மூடியதிலிருந்து வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். ப்ரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமாக வேண்டும், அவளுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

சேர்ந்த வாரமே பத்ரியிடம் வந்து நின்றாள். “சார், தெற போட்டா ஃபைல் வரல. காத்திருக்கிறேன்னு சொல்லுது, அப்புறம் தானா போயிடுது.”

“ஃபைலுக்கு உன்னைப் பிடிக்கலையோ என்னவோ. மேனுவல்னு ஒண்ணு இருக்கும்மா, படிச்சுப் பாரு,” என்றார் பத்ரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் மறுபடி கேட்கவில்லை. அந்த மாதிரி பதிலுக்குப் பிறகு யார்தான் கேட்பார்கள்? தனி லாகின் இல்லாதவளால் சர்வரில்தான் ஓட்டிப் பார்க்க முடியும்; அதனால் ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் ஃபைலைத் தன் லேப்டாப்புக்கு இறக்கி, திருத்தி, திரும்ப ஏற்றினாள். மற்றவர்கள் அரை மணியில் முடிக்கிற வேலை அவளுக்கு அரை நாள் ஆயிற்று.

அவ்வப்போது அவள் நப்பாசையில் ‘தெற’ போட்டுப் பார்க்கும்போதெல்லாம், பத்ரியின் திரையில் அவர் கூப்பிடாத ஃபைல்கள் வந்து உட்கார்ந்தன. ஏதோ கை தவறித் திறந்துவிட்டோம் என்று நினைத்து மூடிக்கொண்டே இருந்தார். இத்தனை பெரிய கெட்டிக்காரருக்கு விஷயம் உறைக்க மாதக்கணக்கில் ஆயிற்று. பொங்கலுக்கு முந்தைய வாரம், கிருபா பார்க்கிற லேபிள் பிரிண்டிங் ஃபைல் ஒன்று எதிரே குதித்தபோதுதான் புரிந்தது. ஃபிரெடியின் முகம்கூட ஒரு கணம் வந்து போனது.

சொல்லியிருக்கலாம். இரண்டு வரி மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று யாராவது கேட்பார்கள். ஊரையே கேலி செய்த ஏற்பாட்டில் இப்படி ஒரு பொத்தல் என்று பழைய ஆட்களுக்குத் தெரிந்தால் கேண்டீனில் தலைகாட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது சத்தமில்லாமல் மாற்றிவிடுவோம் என்று தள்ளிப்போட்டார். ஞாயிற்றுக்கிழமை தூங்கினார். பொங்கல் கழிந்து மேனேஜர் துரை, கிருபாவைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார். பத்ரி ‘வேகம் போதாது, அடிப்படையே தகராறு’ என்று எழுதிக் கொடுத்தார். அதன் நகல் அவளுக்கும் போனது. கை கூசவில்லையா என்றால், கூசியது. கூசிக்கொண்டே எழுதினார்.

ப்ரொபேஷன் ரிவ்யூ அன்று கான்ஃபரன்ஸ் அறையில் மூன்று பேர். துரை சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

“பத்ரி எழுதினதைப் படிச்சிருப்பீங்க. எனக்கு ஒரு சின்ன மாற்றம் பண்ணிக் காட்டுங்க, இங்கேயே, சர்வர்லயே. அதைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்.”

கிருபா தன் லேப்டாப்பை ப்ரொஜெக்டரில் மாட்டினாள். சுவரில் கறுப்புத் திரை விழுந்தது. ‘தெற’ போட்டு ஃபைல் பெயரை அடித்தாள். ‘காத்திருக்கிறேன்’ என்றது சுவர்.

பத்ரியின் மடியில் இருந்த லேப்டாப்பில் அந்த ஃபைல் வந்து உட்கார்ந்தது.

வாயைத் திறக்க இதைவிட நல்ல நேரம் வராது. பத்ரி திறக்கவில்லை. ஃபைலை மூடினார். சுவரில் அந்த வரி விடுபட்டது.

“என்ன ஆச்சு?” என்றார் துரை.

“எப்பவும் இப்படித்தான் சார். வராது.” மறுபடியும் அடித்தாள். மறுபடியும் காத்திருந்தது. பத்ரி மறுபடியும் மூடினார். இந்த முறை அறை அமைதியாக இருந்ததால் விசை தட்டிய சத்தம் கேட்டது. அதே நொடியில் சுவரில் வரி விடுபட்டது. கிருபா திரும்பி அவர் கையைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள்.

மூன்றாம் முறை ‘தெற’ போட்டுவிட்டு, ஃபைல் பெயர் வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தில் நிதானமாக அடித்தாள்: பத்ரி-சார்-நீங்கதான்-மூடறீங்களா.

அப்படி ஒரு ஃபைல் கிடையாது. ஆனால் பத்ரியின் எடிட்டர் சொன்னதைச் செய்கிற எடிட்டர். இல்லாத ஃபைலுக்கு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, தலையில் அந்தப் பெயரைப் போட்டு, அவர் மூக்குக்கு நேராக நீட்டியது. சுவரில் ‘காத்திருக்கிறேன்’ என்று நின்றது. துரை பெயரைப் படித்துவிட்டு பத்ரியைப் பார்த்தார்.

“பத்ரி, உங்க லேப்டாப்பை இப்படித் திருப்புங்க.”

பதறிப்போன பத்ரியின் கை, வேண்டாதது வந்தால் எப்போதும் செய்கிறதையே செய்தது. மூடிவிட்டார். சுவரில் வரி விடுபட்டது. அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திருப்பச் சொல்லவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

துரை, பத்ரி எழுதிக் கொடுத்த தாளை இரண்டாக மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, “கிருபா, நீங்க சீட்டுக்குப் போங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது,” என்றார்.

அவள் ஒயரைக் கழற்றிச் சுருட்டினாள். கதவருகே போய் நின்றாள்.

“எப்பலேர்ந்து சார் தெரியும்?”

எதற்கும் ஒரு நக்கல் பதில் வைத்திருக்கிற பத்ரி கீபோர்டைப் பார்த்துப் பேசினார்.

“பொங்கலுக்கு முன்னாடி,” என்றார்.

“நீங்க என்னைப் பத்தி எழுதிக் குடுத்தது பொங்கலுக்கு அப்புறம் சார்,” என்றாள் கிருபா.