அக்காவின் கால் நனைந்த நாள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் அக்காவிடம் அடி வாங்காதவர்கள் குறைவு. "நல்லத மட்டும் எழுதுங்கப்பா" என்று என் மகள் சொல்கிறாள். அடியை விட்டுவிட்டு எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதியதாகிவிடும்.

அக்கா பிறந்தது காஜா பெராங்கில், ஒரு பலகை வீட்டில். நான் பிறந்த அன்றே அம்மா காலமானார். அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டு, உஜோங் பாசிர் கடற்கரையில் ஒரு மீனவரோடு சேர்ந்து வலை இழுத்தார். யுத்தம் முடிந்த சமயம், விடியற்காலையில் அடித்த சுமத்ரா என்னும் புயல்காற்றில் அந்தப் படகு கவிழ்ந்தது. சில நாள் கழித்துத்தான் அப்பாவின் உடல் கரை ஒதுங்கியது. முகத்தை மீன் தின்றிருந்தது. கைலியைப் பார்த்து அடையாளம் சொன்னவர் அக்கா. அப்போது அவருக்கே பதினாறு வயது. எனக்கு ஐந்து. என்னையும் கடலுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்ற ஒரே வெறியோடுதான் அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தார்.

ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு அவர் தினமும் கடற்கரைக்குத்தான் போக வேண்டியிருந்தது. டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. முதல் பஸ்ஸில் உஜோங் பாசிர் போய்க் கடைக்கு மீன் எடுத்து வருவார். காய்ந்த மணலில்தான் நிற்பார். அலை தொட்ட இடத்தில் கால் வைக்க மாட்டார். மீனவர்கள்தான் கூடையை மேலே தூக்கி வர வேண்டும். முணுமுணுத்த ஒருவரின் முகத்தில் அவர் கொண்டுவந்த மீனாலேயே அறைந்தார்.

டவுனிலும் அவர் கை சும்மா இருந்ததில்லை. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலிருக்கும் பிள்ளையார் கோவில் வாசலில் ஒரு குடிகாரன் அவர் இடுப்பில் கை வைத்தான். சிதறுகாய்க்கு வைத்திருந்த தேங்காயால் அவன் மண்டையைப் பிளந்தார். ரத்தம் பட்ட காய் சாமிக்கு ஆகாது என்று வேறு காய் வாங்கி உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் எனக்குத் தனி வழக்கு. கதவுக்குப் பின்னால் காய்ந்த திருக்கைமீன் வால் ஒன்று தொங்கும்.

"கால காட்டுடா."

"கடலுக்குப் போகலக்கா."

நகத்தால் என் கெண்டைக்காலில் ஒரு கீறு கீறுவார். உப்பு காய்ந்திருந்தால் வெள்ளைக் கோடு விழும். கோடு விழுந்தால் அந்த வாலடியில் தோல் உரியும். திருக்கையும் கடல்ல இருந்துதானேக்கா வந்துச்சு என்று ஒருமுறை கேட்டு, அதற்கும் சேர்த்து வாங்கினேன்.

மெர்டேக்கா வரப்போகிறது, சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கு மீசை முளைத்துவிட்டது, பயமும் விட்டுப்போயிருந்தது. மார்க்கெட்டில் வேலை என்று பொய் சொல்லிவிட்டு உஜோங் பாசிரில் ஒரு மலாய்க்காரரின் படகில் ஏறிவிட்டேன். திரும்பும்போது அதே சுமத்ரா காற்று அடித்தது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் படகு புரண்டது.

மீனுக்காகக் கரையில் காத்திருந்த அக்கா என் சட்டையை அடையாளம் கண்டுகொண்டார். ஈர மணலை மிதிக்காதவர் சேலையோடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி வந்தார். என் தலைமயிரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார். போட்ட வேகத்தில் கரையில் கிடந்த ஒரு துடுப்பை எடுத்தார். முதல் அடி முதுகில் விழுந்தது. அடுத்தது தலைக்கு வந்தது, வலது கையால் தடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"போதும் அக்கா, பையன் செத்துருவான்" என்று நீந்திக் கரையேறிய படகுக்காரர் மலாயில் கெஞ்சினார்.

"கடலுக்குக் குடுக்கறதுக்கு பதிலா நானே கொல்றேன்" என்று அவருக்கும் ஒன்று போட்டார். பிறகு துடுப்பை எறிந்துவிட்டு மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

கட்டுப் போட்டிருந்த நாளெல்லாம் அவரே எனக்குச் சோறு ஊட்டினார். "தின்னு. கை ஒடிஞ்சவன யாரும் படகுல ஏத்த மாட்டாங்க" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. அந்தக் கை இன்றுவரை நேராக நீளாது. டவுனில் கடை வேலைக்குப் போனேன், பிழைத்துக்கொண்டேன்.

பெண் கேட்டு வந்தவர்களை அக்கா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். என் பிள்ளைகளையும் அடித்தே வளர்த்தார். கடைசி நாட்களில் வாதம் வந்து பேச்சு நின்றது. அப்போதும் கட்டில் பக்கம் நான் நின்றால், அசைகிற ஒரு கையால் என் காலைத் தேடி நகத்தால் கீறுவார்.

அவரைக் கவனித்துக்கொண்ட தாதியருக்கு, முக்கியமாக அறை வாங்கியும் மறுநாள் சிரித்தபடி வந்தவருக்கு எங்கள் நன்றி. இரவு பகல் பாராமல் உடனிருந்த காஜா பெராங் அண்டைவீட்டார் அனைவருக்கும் நன்றி. அன்று அடி வாங்கிய படகுக்காரரின் பிள்ளைகளை மறக்க மாட்டேன். சாம்பல் கரைத்த அன்று, நீந்தத் தெரியாத என்னை இருபுறமும் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்தான்.

உஜோங் பாசிரில், இடுப்பளவு தண்ணீரில், நீளாத கையால் கலயத்தைக் கவிழ்த்தேன். கரையேறி உட்கார்ந்தேன். கால் காய்ந்ததும் கெண்டைக்காலை நகத்தால் கீறிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு விழுந்தது.

கடலுக்குப் போய்ட்டு வந்துட்டேன்க்கா. வந்து அடிங்க.