வங்காளத்து நூல்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது மேற்கு வங்காளத்தை முன்னிட்டு எனக்கும் என் சித்தப்பாவுக்கும் பெரிய சண்டை வந்தது. கொல்லிமலையில், எடப்புளி நாட்டில், சாமைக் காட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவே இருக்கிற ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேர் வங்காளத்துக்காகப் பேச்சை முறித்துக்கொண்டார்கள் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் வீட்டிலேயே நம்பவில்லை. வங்காளம் என்பது யார் என்று அம்மா கேட்டாள்.

எல்லாம் ஒரு போட்டியால் வந்தது. மலையிலும் அடிவாரத்திலும் இருக்கிற பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு வரைபடப் போட்டி. நம் நாட்டில் கடற்கரை உள்ள ஒன்பது மாநிலங்களின் கரை நீளத்தையும் அளந்து, ஒப்பிட்டு, பெரியதிலிருந்து சின்னது வரை வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும். முதலில் வருகிற பிள்ளையை நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப் போய்க் கடலைக் காட்டுவார்கள். ஒரு ராத்திரி தங்க வேண்டியிருப்பதால் துணைக்கு வீட்டுப் பெரியவர் ஒருவரும் வரலாம். “பஸ்ஸில் ரெண்டு இடம்” என்று வாத்தியார் இரண்டு விரலை நீட்டிச் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. நான் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் புளியஞ்சோலை ஆறுதான். அதிலும் முழங்காலுக்கு மேல் இறங்க விட்டதில்லை.

எங்கள் ஊரில் கடல் பார்த்தவர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் வேலை. அந்த லாரியோடு ஆந்திரா, மகாராஷ்டிரா, குஜராத், ஒரிசா என்று சுற்றிவிட்டு, மழைக்காலத்தில் வேலை குறையும்போது வீட்டுக்கு வருவார். வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். குஜராத்துக் கடல் சாயங்காலமானால் பின்வாங்கித் தன் வீட்டுக்குப் போய்விடும், விடிந்ததும் வேலைக்கு வருகிற மாதிரி வந்துவிடும் என்பார். ஒரிசாக் கடல் கோபக்காரன், ஆந்திராக் கடல் விருந்து சாப்பிட்டுப் படுத்த மாமனார் என்பார். கைகளை விரித்து, மூச்சை இழுத்து, அலையாகவே மாறிக் காட்டுவார். மறுத்துப் பேச ஊரில் ஆள் கிடையாது.

போட்டிச் செய்தி கேட்டதும் என்னைவிட அவர்தான் துள்ளினார். மறுநாள் வண்டிக்குக் கிளம்ப வேண்டியவர், முதலாளிக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் பத்து நாள் தங்கிவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் அவரை விட்டுவிட்டுப் போனார்கள். சித்திக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “இவரு பரிச்சை எழுதறாராமா?” என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டாள். அண்ணன் மகள் மேல் அவ்வளவு பாசம் என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்துக் கொஞ்சம் கர்வமாகவே திரிந்தேன்.

பள்ளிச் சுவரில் தொங்கிய பெரிய வரைபடத்தை வாத்தியார் இரவல் கொடுத்தார். அதைப் பாறையில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தோம். சித்தியின் தையல் டப்பாவிலிருந்து மாநிலத்துக்கு ஒரு நிறமாக ஒன்பது நூல்கண்டு எடுத்தாயிற்று. கரை வளைகிற இடத்தில் நூலும் வளைந்து நிற்க வேண்டுமே, அதற்கு எலுமிச்சை முள்ளைக் குத்தினோம். முள் நிற்காத இடத்தில் ஒரு பொட்டுப் பலாப்பால். பலாப்பால் ஒட்டினால் கேட்க வேண்டுமா? என் விரல் வரைபடத்தோடும், வரைபடம் சித்தப்பாவின் வேட்டியோடும் ஒட்டிக்கொண்டன. தேங்காய் எண்ணெய் போட்டுப் பிரித்தோம். வரைபடத்தில் விழுந்த கறைகளை வாத்தியார் கடைசிவரை பார்க்காத மாதிரியே இருந்துவிட்டார், நல்ல மனிதர்.

கேரளம் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. நூலை வைத்தால் அப்படியே படுத்துக்கொண்டது. குஜராத் ஒரு நாள் முழுவதும் வேலை வைத்தது. சித்தப்பா எதிரே குந்தி, விரலால் கரையைத் தொட்டுத் தொட்டு வழி காட்ட, நான் நூலை ஓட்டிக்கொண்டே போவேன். கடைசியாக வங்காளம் வந்தது. அங்கே கரை என்று ஒன்று இருந்தால்தானே! கோழி கிளறிப் போட்ட மண் மாதிரி ஆறுகளும் தீவுகளும் கழிமுகங்களுமாகக் கிடந்தது. நான் ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு வாய்க்குள்ளும் நூலோடு நுழைந்து, முட்டுகிற இடம் வரை போய், மறுகரை வழியாகத் திரும்பி வந்தேன். கண்டில் மிச்சமிருந்த நூல் தீர்ந்து போய் இன்னொரு கண்டை முடிச்சுப் போட வேண்டியிருந்தது.

ஒன்பது நூலையும் நிமிர்த்தி ஒரு பலகையில் ஆணியடித்துத் தொங்கவிட்டோம். வங்காளம் கேரளத்தைத் தாண்டிக் கீழே இறங்கி நின்றது. சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. பக்கத்து ஊர்ப் பையனிடமிருந்து பத்தாம் வகுப்பு நோட்ஸ் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதில் வங்காளம் கடைசிக்கு முந்தைய இடம், அதற்குக் கீழே கோவா மட்டும்தான்.

“கண்ணு, வங்காளம் இத்தன நீளம் இருக்காது சாமி. புக்குல பாரு.”

“அவங்க உள்ள போவாம வாசல்லயே திரும்பிட்டாங்க சித்தப்பா.”

“போனாப் போவுது. நாமளும் வாசல்லயே திரும்பிக்கலாம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “நம்ம ரோட்டுல எழுவது வளைவு இருக்குது. மேல நின்னு பாத்தா அடிவாரம் காலுக்குக் கீழதான் தெரியுது. அதுக்காவ பஸ்ஸு நேரா குதிச்சா எறங்குது?” என்று கேட்டேன். அந்த எழுபது வளைவிலும் ஒவ்வொரு முறையும் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி வாந்தி எடுக்கிறவர் அவர். வளைவைக் கணக்கில் சேர்க்காதே என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? கெஞ்சிப் பார்த்தார். ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன்.

அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். போட்டிக்கு முந்தின நாள் நான் சோறு தின்னப் போயிருந்த நேரம் பார்த்து, வங்காளத்து நூலைப் பாதிக்கு மேல் பிளேடால் நறுக்கிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் வங்காளம் கோவாவுக்குப் பக்கத்தில் சமர்த்தாகத் தொங்குகிறது. நான் போட்ட அலறலில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள்.

“பூச்சி கடிச்சிருக்கும் கண்ணு” என்றார் சித்தப்பா, பிளேடைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

அப்பா அவரைத் திட்டித் தீர்த்தார். பிள்ளையோடு பிள்ளையாக விளையாடுகிற வயதா என்று கேட்டார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டார். நான் அழுதுகொண்டே மறுபடி வரைபடத்தை விரித்து, பொழுது சாயும்வரை தனியாக வங்காளத்தை அளந்தேன். முடித்ததும் நூலைச் சுருட்டி என் பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டேன். அவரோடு பேசவில்லை.

போட்டி மலைக்குப் பெரிய ஊரான செம்மேட்டில் நடந்தது. பேசாவிட்டாலும் பலகையைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாதான் கூட வந்தார். சமவெளியிலிருந்து வந்த மூன்று நடுவர்கள் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். என் பலகைக்கு முன்னால் நின்ற பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“கேரளாவ விட வங்காளம் நீளமாம்மா?”

“ஆமாங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் போயிட்டு வந்தேனுங்க” என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. கரை என்றால் வெளிக்கரைதான், இப்படி ஒவ்வொரு சந்துக்குள்ளும் போய் வந்தால் அளவுக்கு முடிவே இருக்காது என்று அவர் விளக்கினார். கரை அளக்கிற வித்தையின் ஆகப் பெரிய உண்மையை அவர் சொல்லிவிட்டு, அது தெரியாமலே அடுத்த மேசைக்கு நகரப் போனார்.

அப்போது சித்தப்பா குறுக்கே வந்தார். “ஏனுங்க சார், புள்ள ஒரு நெளிவு விடாமப் போயி வந்திருக்குதுங்க. ஒழுங்கா அளந்தது தப்பாங்களா?” முந்தின நாள் பிளேடு வைத்தவர், நான் மறுபடி அளந்து தொங்கவிட்டிருந்த வங்காளத்து நூலைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் யாரிடமும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

“அந்தக் கடக்கரைய நீங்க பாத்திருக்கீங்களா?” என்று நடுவர் கேட்டார்.

சித்தப்பா குனிந்து நூலை நீவிவிடத் தொடங்கினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. சொல்ல வேண்டிய நேரத்தில் இந்த மனிதர் ஏன் ஊமையாகிறார்? “எங்க சித்தப்பா நாலு கடல் பாத்திருக்காருங்க!” என்று நானே கத்தினேன். அவர் என் கையைப் பிடித்து, “வா சாமி, போலாம்” என்று இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

புத்தகத்து வரிசையை வண்ண வண்ணமாக எழுதி ஒட்டியிருந்த அடிவாரத்துப் பையன் ஒருவன் முதல் பரிசு வாங்கினான். எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கிடைத்தது. எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். வழியெல்லாம் நடுவர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். தன் பேச்சைக் கேட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன் என்று சித்தப்பா ஒரு வார்த்தை சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் பலகையைத் தோள் மாற்றிக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

அடுத்த மழைக்கு வந்தபோது கடல் கதை கேட்டோம். “என்னத்த, எல்லாம் தண்ணிதான்” என்று முடித்துக்கொண்டார். நான் பெரியவளாகிவிட்டதால் எனக்குக் கதை சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

இப்போது நான் நாகப்பட்டினத்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சித்தப்பா போர் வண்டியை விட்டுவிட்டு மிளகுக் கொடி பார்த்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச காலம் முன்பு செய்தி ஒன்று படித்தேன். நாட்டின் கடற்கரையை நுணுக்கமாக மறுபடி அளந்திருக்கிறார்களாம். வளைவு நெளிவெல்லாம் சேர்ந்ததில் கரை நீண்டுவிட்டதாம். வங்காளம் பழைய கணக்கைவிடப் பல மடங்கு கூடி, கேரளத்தையும் தாண்டிவிட்டதாம். டூட்டி உடுப்போடு நின்றபடியே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அப்ப நாம ஜெயிச்சிட்டமா கண்ணு?”

“ஜெயிச்சிட்டோம் சித்தப்பா.”

“அந்தப் பையனக் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டாங்களே, இப்ப என்ன பண்ணுவாங்க?” என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

நீங்கள் இங்கே வாருங்கள், நான் கூட்டிப் போகிறேன் என்றேன். மிளகு பறிக்க வேண்டும், மாடு கன்று போட்டிருக்கிறது என்று இரண்டு மாதம் சாக்குச் சொன்னார். கடைசியில் சித்திதான் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். சித்தி விறுவிறுவென்று போய்க் காலை நனைத்துவிட்டாள். சித்தப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தூரத்திலேயே நின்றுவிட்டார். நான் பக்கத்தில் போய், நாலு மாநிலத்துக் கடலைப் பார்த்தவருக்கு நாகப்பட்டினத்துக் கடலிடம் என்ன பயம் என்று கேலி செய்தேன்.

சித்தி தண்ணீரில் நின்றபடியே சிரித்தாள். “எங்க கண்ணு பாத்தாரு? போர் போடறவங்கள தண்ணி இல்லாத ஊருக்குத்தான கூப்புடுவாங்க!”

நான் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “சத்தம் இத்தன இருக்கும்னு தெரியாது சாமி” என்றார். அவர் கையிலிருந்த செருப்பை வாங்கி மணலில் வைத்துவிட்டு, கையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கூட்டிப் போனேன்.

வங்காளத்தை அன்று சுருக்காமல் விட்டதற்கு நான் இப்போதும் வருந்தவில்லை. அது சரியான அளவு. ஆனால் பத்து நாள் வேலையை விட்டுவிட்டு, வெயிலில் பாறையில் குந்தி, ஒன்பது மாநிலத்துக் கரையையும் விரலால் தடவிக்கொண்டிருந்தவர் எதற்காகக் கெஞ்சினார், எதற்காகப் பிளேடை எடுத்தார் என்று எட்டாம் வகுப்புக்காரிக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் இரண்டு இடம் என்று வாத்தியார் சொன்னபோது நான் ஒன்றைத்தான் எண்ணியிருந்தேன்.