டுக்குவின் அப்பா பரீட்சை எழுதுகிறார்

வங்காளத்து ராணாகாட்டில் மதியச் சோறு தின்றுவிட்டுத் தூங்காதவன் வியாதிக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கல்கத்தாக்காரனாக இருக்க வேண்டும். ஷெபாலியின் புருஷன் நிமாய் ஹால்தார் இரண்டும் இல்லை. ரயில்வே டிக்கெட் கவுண்ட்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். மீன் குழம்பு உள்ளே போனதும் கட்டையைச் சாய்ப்பார். சற்று நேரத்தில் அலறல் கேட்கும்.

"ஐயையோ, நான் சரித்திரமில்ல படிச்சிட்டு வந்திருக்கேன்!"

கனவில் அன்று கணக்குப் பரீட்சையாக இருக்கும். நிஜத்தில் அந்த மனிதர் மெட்ரிக் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவர். ஆயுள் முழுக்கச் சில்லறை எண்ணியும் ஒரு காசு பிசகாதவர். அந்தப் பரீட்சைக்கு மட்டும் அவரை விட மனசே இல்லை.

ஷெபாலி தோளைப் பிடித்து உலுக்குவாள். "எந்திரிங்க. நீங்க எப்பவோ பாஸ். பேரனே பிறந்தாச்சு. டீ போடவா?"

"கேட்டைப் பூட்டிட்டாங்க ஷெபாலி," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். அவர் உள்ளே மாட்டிக்கொள்வதும் இவள் இழுத்து வெளியே போடுவதும்தான் அவர்கள் குடித்தனம்.

தை மாதச் சரஸ்வதி பூஜை முடிந்து, அதுவரை தொடக்கூடாத இலந்தைப்பழத்தை இனி வாயில் வைக்கலாம் என்று ஆன மறுநாள். ஊறுகாய்க்காகப் பழத்தை மொட்டை மாடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே அலறல் கேட்டது. போன வருஷ ஊறுகாய் உப்புக்கரிக்கிறது என்று காலையில்தான் அவர் வாயைக் கொடுத்திருந்தார். 'ஒரு நாளாவது ஃபெயிலாகட்டும்' என்று அவள் இறங்கவில்லை. டீயோடு போய்ப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது, ஒன்றும் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். ஷெபாலி தலையாட்டினாள். அவர் எங்கே இருந்தார் என்பது அவளுக்குத் தெரியும்.

காரியம் முடிந்த பிறகு அந்தக் கனவு அவளுக்கு வர ஆரம்பித்தது. அவள் நாலாம் வகுப்போடு நின்றவள், பரீட்சை ஹாலைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் அவளுக்கு வாய்த்தது வெளிப்பக்கம்.

பள்ளிக்கூட கேட். வெளியே செய்தித்தாளை விரித்து, கையில் இளநீரோடு பெற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மணி அடிக்கிறது. பரீட்சை நல்லபடி ஆக வேண்டும் என்று காலையில் நெற்றியில் வைத்த தயிர்ப்பொட்டு காய்ந்திருக்க, பிள்ளைகள் வருகிறார்கள். அவரவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். தெரு காலியாகிறது. மாடியில் யாரோ இன்னும் எழுதும் சத்தம், பேனா தாளைக் கீறுவது, காதுக்குள்ளேயே கேட்கிறது.

காவலாளி முகம் காட்டுவதில்லை. பிடரிதான் தெரியும்.

"ஐயா, இன்னும் ஒருத்தர் உள்ள இருக்காரு."

"பேரைச் சொல்லு."

"எங்க டுக்குவோட அப்பா."

"இங்க யாருக்கும் யாரும் அப்பா கிடையாது. எல்லாம் சின்னப் பசங்க."

அத்தோடு விழிப்பு வந்துவிடும். மறுநாள் மதியமும் அதே கேட். வர வர வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் குறைந்தார்கள். பிறகு அவளும் பறக்கும் செய்தித்தாளும்தான் மிச்சம். பேனாவும் தளர்ந்துகொண்டே வந்தது. அது நின்றுவிட்டால் அவர் உள்ளேயே மாட்டிக்கொண்டுவிடுவார் என்று ஷெபாலி பயந்தாள்.

பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட மகள் டுக்குவிடம் சொல்லி அழுதாள்.

"பேரைச் சொல்லித் தொலையேம்மா. அப்பா என்ன கோச்சுக்கவா போறாரு?"

"வாயில வராதுடி." ரேஷன் கடையில்கூடப் பேர் கேட்டால் அட்டையை நீட்டிக் காட்டித்தான் அவளுக்குப் பழக்கம். "பொண்டாட்டி தன் வாயால பேரைச் சொன்னா புருஷனுக்கு ஆயுசு குறையும்னு எங்கம்மா சொல்லியிருக்கா."

"இனிமே எங்கம்மா குறைய?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் வெகுநேரம் அழுதார்கள்.

அன்று மதியம் பேனா ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே மூச்சு வாங்கியது. கேட்டைப் பூட்டக் காவலாளி பூட்டைக் கையில் எடுத்துவிட்டான். ஷெபாலி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"நிமாய்! நிமாய் ஹால்தார்!"

நாக்கு சுட்டதுபோல் இருந்தது. பேனா நின்றது. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. காவலாளி ஒதுங்கி வழிவிட்டான்.

ஒல்லிப் பையன் ஒருவன் வந்தான். அண்ணனுடைய பழைய பேன்ட்டை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். மீசை அரும்பவில்லை. விரலெல்லாம் மை. அதே விடைத்த காதுகள். ஷெபாலி கம்பியை விட்டாள்.

"நல்லா எழுதினியா?"

"எல்லாம் எழுதிட்டேன். யாரோ கூப்பிட்டாங்க, அதான் எந்திரிச்சு வந்தேன்." அடுத்த வீட்டுப் பையனின் அம்மாவைப் பார்ப்பதுபோல மரியாதையாக அவளைப் பார்த்து, சித்தி முறை வைத்துக் கேட்டான். "மாஷிமா, உங்க பையன் இன்னும் வரலையா?"

அவள் கை அவன் கன்னம்வரை போய்விட்டுத் திரும்பியது.

"வந்துட்டான்ப்பா. நீ போ, வீட்ல தேடுவாங்க."

அவன் ஓடிப் போனான். தெருமுனையில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் பூட்டு விழுந்தது.

அதன் பிறகு அந்தக் கனவு வரவில்லை. அதற்குத்தான் ஆசைப்பட்டாள், கிடைத்ததும் தாங்க முடியவில்லை. சோறு தின்றால் தூக்கம் வருகிறது, அதில் கேட்டும் இல்லை, தெருவும் இல்லை. டுக்கு வந்து தோளை உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. மொட்டை மாடியில் தனியாக இருக்கும்போது ஷெபாலி அந்தப் பேரைச் சொல்லிப் பார்க்கிறாள். இப்போதெல்லாம் அது வாயில் சுலபமாக வருகிறது. படியில்தான் யாரும் வருவதில்லை.